மழை பார்க்கப் போன மேற்கு நார்வே

ஜூலை மாதம் மேற்கு நார்வே முழுக்க மழைத்துளிப் படமாக வானிலைச் செயலி காட்ட ஆரம்பித்தால் போதும், ஆஸ்லோவில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் ஸ்பெயினுக்கும் கிரீஸுக்கும் டிக்கெட் தேடத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு நீளமான குளிர்காலத்தைத் தாண்டி வந்தவர்கள் வெயிலுக்கு ஏங்குவது நியாயம்தான். ஆனால் என் கட்சி வேறு. அந்த மலைகளை மழை பெய்கிற கோடையில்தான் பார்க்க வேண்டும், மோட்டார்ஹோமில் போய்ப் பார்க்க வேண்டும். போன கோடையில் அம்மா தென்காசியிலிருந்து வந்திருந்தபோது அப்படித்தான் போனோம். நான், இவர், மகன், அம்மா. திரும்பி வந்ததிலிருந்து எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்று: "அந்த மழையில் என்னதான் பார்த்தீர்கள்?" அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அங்கே ஏன் அப்படிக் கொட்டுகிறது என்று சொல்லிவிடுகிறேன். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் முட்டுவது மேற்குக் கரையின் மலைகளில். மலையேறும்போது காற்று குளிர்கிறது. தூக்கி வந்த தண்ணீரை அங்கேயே இறக்கிவிடுகிறது. பெர்கன் நகரத்துக்கு ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைத்தொடரைத் தாண்டி உள்நாட்டில் இருக்கும் ஷோக் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 300 மில்லிமீட்டர்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு பகல் ஓட்டும் தூரம். ஓட்டல் அறையை முன்கூட்டியே பதிந்து வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கால் பயன் இல்லை. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அவர் அன்றைக்கு அந்த ஊரில் இருந்தாக வேண்டும். வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு மழைக்குள் எவ்வளவு நேரம் இருப்பது, எப்போது மலையைத் தாண்டுவது என்பதெல்லாம் கைவசம்.

நாங்கள் எடுத்தது வாடகை வண்டி. 3.5 டன்னுக்குள் இருந்தால் சாதாரண கார் லைசென்ஸே போதும். வண்டியை எடுக்கப் போகும்போது எல்லாரும் எஞ்சினையும் டயரையும் பார்ப்பார்கள். மழைக்குப் போகிறவர்கள் கூரையைப் பார்க்க வேண்டும். மேல் ஜன்னலைச் சுற்றியிருக்கும் ரப்பர் வெடித்திருக்கிறதா, அலமாரி மூலைகளில் சுவர் அழுத்தினால் உள்ளே போகிறதா, கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு முதலில் காட்டிய வண்டியில் படுக்கைக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. அது பழைய கறைதான் என்றார்கள். இவர் வேறு வண்டி கேட்டு வாங்கினார். அன்று அரை நாள் போனது. பிறகு ஒரு நாள்கூட மெத்தை நனையவில்லை.

ஆஸ்லோவிலிருந்து யைலோ வழியாக ஏறினால் ஹார்டாங்கர்விட்டா. ஐரோப்பாவிலேயே பெரிய மலைப் பீடபூமி என்று இதைச் சொல்வார்கள். சாலை 1250 மீட்டர் உயரம் வரை போகிறது. மரம் என்று ஒன்று கிடையாது; பாறை, பாசி, குட்டை குட்டையாகத் தண்ணீர். நாங்கள் போனபோது மேகம் தரைக்கே இறங்கியிருந்தது. கொஞ்ச தூரம் நடக்கலாம் என்று மகன் கேட்டான். தூரத்தில் இடி கேட்டதால் நான் விடவில்லை. 2016 ஆகஸ்ட் கடைசியில் இதே பீடபூமியில் இடி விழுந்து 323 காட்டுக் கலைமான்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. புயல் நேரத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டி நின்றிருக்கின்றன. மின்னல் தரை வழியாகப் பாய்ந்ததில் கூட்டமே போய்விட்டது. மறைவதற்கு ஒரு புதர்கூட இல்லாத வெளியில் இடி கேட்டால் நடை வேண்டாம். வண்டியில் டீ போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

பீடபூமி முடிகிற இடத்தில்தான் வோரிங்ஃபோசென் அருவி. 182 மீட்டர். பள்ளத்தாக்கின் குறுக்கே 2020-ல் ஒரு படிப்பாலம் கட்டியிருக்கிறார்கள், 99 படிகள். அம்மா பாதிவரை வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். இந்த அருவியைப் பற்றி எனக்கு ஒரு சங்கடம் உண்டு. இதற்கு வரும் தண்ணீரை மேலே அணை கட்டி சீமா மின் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் வரும் கோடை மாதங்களில் மட்டும் நொடிக்குக் குறைந்தது 12 கன மீட்டர் விட வேண்டும் என்று விதி. அழகு குறைவு என்று சொல்லவில்லை. ஆனால் வெயில் கோடையில் வருகிறவர் பார்ப்பது பெரும்பாலும் விதிப்படி திறந்துவிட்ட தண்ணீர். மழை கனத்தால்தான் ஆறு தன் சொந்தத் தண்ணீரோடு விழும்.

அங்கிருந்து மோபோ பள்ளத்தாக்கில் எய்ட்ஃபியூர் வரை ஒரே இறக்கம். சாலை மலைக்குள்ளேயே திருகுபோலச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. ஈரச் சாலையில் இந்த எடையோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கீழே வருவதற்குள் பிரேக் சூடேறி நாறும். இரண்டாம் கியரில் விட்டு, எஞ்சினையே பிடித்து நிறுத்த வைக்க வேண்டும். "மாப்ளே, பின்னால வண்டி நிக்கி" என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் வரிசை சேர்ந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். மலைப்பாதையில் மோட்டார்ஹோம்காரர்கள் மேல் உள்ளூர் ஆட்களுக்கு இருக்கும் முதல் கோபமே இதுதான். அடுத்த கோபம், கண்ட இடத்தில் கழிவறைத் தொட்டியைக் காலி செய்வது. அதைச் செய்கிறவர்களை மன்னிக்கவே முடியாது. காட்டிலும் மலையிலும் யாரும் நடக்கலாம், கூடாரம் போடலாம் என்று 1957-லேயே சட்டம் போட்ட நாடு இது. குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த உரிமை கூடாரத்துக்கு. வண்டியைப் புல்வெளிக்குள் ஓட்டிப்போக இடமில்லை. மோட்டார்ஹோம்கள் பெருகப் பெருக ஊர்கள் ஒவ்வொன்றாகத் தடைப்பலகை வைத்துக்கொண்டு வருகின்றன. குற்றம் நம் பக்கம்.

மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல்நீர்க் கிளையான ஹார்டாங்கர் ஃபியூர்டின் கரையில் லோஃப்துஸ் பக்கம் போனபோது மழை நிற்கவே இல்லை. அது செர்ரிப் பருவம். வரிசை வரிசையாக மரங்கள், ஒவ்வொரு வரிசைக்கும் மேலே பிளாஸ்டிக் கூரை. கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. தோட்டத்துக்காரப் பெண்மணி ஒரு பழத்தைக் கையில் வைத்துக் காட்டினார். காம்பைச் சுற்றி அரை வட்டமாக ஒரு வெடிப்பு, உள்ளே சதை தெரிந்தது. பழுக்கிற நேரத்தில் மழை பட்டால் தோல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். சதை உப்பும், தோல் ஈடுகொடுக்காது, வெடித்துவிடும். வெடித்த பழத்தைக் கடையில் எடுக்க மாட்டார்கள், ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். கூரை போட்டும், காற்று பக்கவாட்டில் அடித்தால் ஓரத்து மரங்கள் தப்பாது. நான் மழையைக் கொண்டாடிக்கொண்டு வந்தவள். அந்தப் பழத்தைப் பார்த்த பிறகு அங்கே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வெடித்த பழத்தையே ஒரு கூடை வாங்கினோம், பாதி விலைக்கு. இனிப்பில் எந்தக் குறையும் இல்லை. சாலையோரத் தட்டிகளில் ஆள் இல்லாமலே விற்கிறார்கள். பழத்தை எடுத்துக்கொண்டு போனிலேயே பணம் அனுப்பிவிட வேண்டியதுதான்.

அன்று இரவு வானிலைத் துறையின் எச்சரிக்கை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது. நாங்கள் போகவிருந்த பாதையில் ஒரு இடத்தில் மண் இறங்கி மூடியிருப்பதாகச் சாலைத் தகவலும் வந்தது. வண்டியை நிறுத்தியிருந்த முகாமிலேயே தங்கிவிட்டோம். மேற்கில் மலைச்சரிவுகள் வழவழப்பான பாறை. அதன்மேல் மெல்லிய மண், அதில் மரங்கள். மண் ஊறிக் கனத்தால் பாறைமேல் வழுக்கிக்கொண்டு மொத்தமாக இறங்கிவிடும். ஆறுகளும் குட்டை, செங்குத்து. மழை பெய்தால் சில மணி நேரத்தில் ஏறும், நின்றால் அதே வேகத்தில் வடியும். அதனால் பெரும்பாலும் ஒரு நாள் பொறுத்தால் போதும். இந்த மாதிரி நேரத்தில்தான் மோட்டார்ஹோமின் அருமை தெரியும். அடுத்த ஊரில் அறைக்குப் பணம் கட்டியிருக்கிறோமே என்று அபாயத்துக்குள் வண்டியை விடும் அவசியம் நமக்கு இல்லை. சாப்பாடு, தண்ணீர், படுக்கை எல்லாம் கூடவே இருக்கிறது. சாலைத் தகவலுக்கு 175 என்ற எண்ணைக் கூப்பிடலாம், வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் வார்சோம் என்ற அரசுத் தளம் இருக்கிறது. கிளம்புமுன் இரண்டையும் பாருங்கள்.

ஆனால் மழைக்குள் நான்கு பேர் ஒரு பெட்டிக்குள் இருப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் தண்ணீரைவிட உள்ளே நாம் உண்டாக்கும் ஈரம்தான் தொல்லை. நான்கு பேரின் மூச்சு, சோறு வடிக்கிற ஆவி, நனைந்த ஜாக்கெட்டுகள். விடியும்போது கண்ணாடியெல்லாம் வழியும், மெத்தைக்கு அடியில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். மேல் ஜன்னலை விரற்கடை திறந்து வைத்து, ஹீட்டரையும் ஓட விட வேண்டும். அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "மழைக்குள்ள இருந்துக்கிட்டு ஏன்ட்டி மேல தொறந்து போட்டுருக்க? கேஸு வேற எரியுது!" என்றார். காலையில் கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடியவர், காய்ந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் துணியை மடித்து வைத்தார். நனைந்த துணிகளைக் குளியலறைக்குள் தொங்கவிட்டு, ஹீட்டர் குழாயின் வாயை அங்கே திருப்பிக் கதவைச் சாத்திவிடுவோம். காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வைப்போம். கூரையில் இருக்கும் சோலார் பலகையை நம்பாதீர்கள். அந்த வானத்தில் அதற்கு வேலை இல்லை. புல்தரையில் நிறுத்த நேர்ந்தால் முன்சக்கரமாவது கெட்டித் தரையில் இருக்கட்டும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கும். எடையெல்லாம் பின்னால் இருப்பதால், ஊறிய புல்லில் முன்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டிவிடும். பக்கத்தில் நின்ற ஜெர்மன் குடும்பத்தின் வண்டியை டிராக்டர் வந்துதான் இழுத்தது.

அம்மா அன்று மிளகு ரசமும் கானத்துவையலும் வைத்தார். மழைச்சத்தம் கூரையில் பேய்த்தனமாக இருந்தது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. பேரனுக்கு அவர் சீட்டாட்டம் கற்றுக்கொடுத்தார். வீட்டில் இருக்கும்போது ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை. இங்கே ஒரே மேஜை.

மறுநாள் பாதை திறந்ததும் ஒட்டா ஊரைத் தாண்டி லோத்தஃபோசென் போனோம். 165 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டாகப் பிரிந்து வரும் அருவி, கீழே சாலையோரத்தில் மோதிச் சேர்கிறது. ஆறு வளைவுகள் கொண்ட பழைய கல்பாலத்தின்மேல் சாலை போகிறது. இந்த ஆற்றில் அணை இல்லை. மேலே மழை பெய்தது எவ்வளவோ அவ்வளவும் அப்படியே வந்து விழும். பாலத்துக்கு ஐம்பது மீட்டர் முன்பே கண்ணாடி வெள்ளையாகிவிட்டது, வைப்பரை முழு வேகத்தில் போட்டும் முன்னால் பாலம் தெரியவில்லை. நத்தை வேகத்தில் தாண்டி, அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு இறங்கினோம். சத்தம் காதில் கேட்பதற்கு முன் காலடியில் தெரிந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் கை வைத்தால் கல் நடுங்குகிறது. தண்ணீர் வெள்ளை இல்லை, மண் கலந்து டீ நிறம். அம்மா குடையை மடக்கிவிட்டார். அங்கே குடைக்கு வேலை இல்லை. "இம்புட்டுத் தண்ணியும் எங்கருந்துட்டி வருது?" என்று என் காதோடு கத்தினார். வெயில் காயும் ஜூலையில் இதே இடத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். அழகான அருவி, ஐந்து நிமிடம் பார்த்தோம், படம் எடுத்தோம், கிளம்பினோம். இந்த முறை முழுக்க நனைந்து, பற்கள் தந்தியடிக்கும் வரை யாரும் வண்டிக்குத் திரும்பவில்லை. இந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஆறுதான் 2014 அக்டோபரில் ஒட்டாவில் கரையோர வீடுகளை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தக் கல் நடுங்குவதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது.

திரும்பி வடக்கே ஹார்டாங்கர் பாலம். 2013-ல் திறந்தது, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 1310 மீட்டர். பாலத்தின் இரு முனையும் மலைக்குள்ளே போய் முடிகின்றன, மலைக்குள் நீல வெளிச்சத்தில் ரவுண்டானா இருக்கிறது. மகனுக்கு அதுதான் பயணத்திலேயே பெரிய அதிசயம். பிறகு வோஸ், குட்வாங்கன். ஒரு சுரங்கப்பாதை வாசலில் மழைக்கு ஒதுங்கிய செம்மறிகள் பாதிச் சாலையை அடைத்துப் படுத்திருந்தன. ஹாரன் அடிக்காதீர்கள், மிரண்டு உள்ளே ஓடிவிடும். இவர் இறங்கிப் போய்க் கையைத் தட்டி எழுப்பினார்.

ஃப்ளோமுக்கு அடுத்து லாயர்டால் சுரங்கம், 24.5 கிலோமீட்டர். 2000-ல் திறந்தது. சாலைச் சுரங்கத்தில் உலகிலேயே நீளமானது. ஓட்டுகிறவர் சலித்துத் தூங்கிவிடாமல் இருக்க, நடுவில் மூன்று இடங்களில் குகைபோல அகலப்படுத்தி நீல விளக்கு போட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் மழை நின்றுவிட்டதே என்று வைப்பரை அணைத்துவிடுவோம். மலைக்குள் காற்று வெதுவெதுப்பு, நம் கண்ணாடி சில்லிட்டிருக்கும். ஒரு நொடியில் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனித்து எதுவும் தெரியாமல் போகும். உள்பக்கம் என்று நினைத்துத் துடைத்துப் பயனில்லை. வைப்பரைப் போடுங்கள், உடனே தெளிந்துவிடும்.

ஃபோட்னெஸ் படகுத்துறையில் வண்டியோடு ஏறி மறுகரை போய், ஸோல்வோர்ன் கிராமத்துக்கு மேலேயே வண்டியை விட்டுவிட்டு, சின்னப் படகில் உர்னெஸ் மரக்கோயிலுக்குப் போனோம். 1130 வாக்கில் கட்டிய தேவாலயம், 1979-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இந்த மழை நாட்டில் மரம் எப்படி ஒன்பது நூற்றாண்டு நிற்கும்? அதற்கு முன்பு கட்டிய கோயில்களில் தூண்களை நேராக மண்ணில் நட்டார்கள். அடி உளுத்துப் போயிற்று. இந்த வகைக் கோயில்களில் கல்லின்மேல் உத்தரம் போட்டு, அதில் தூணை நிறுத்தினார்கள். தூணுக்கும் ஈர மண்ணுக்கும் தொடுப்பே கிடையாது. சுவருக்குத் தார் பூசுவார்கள், மறுபடி மறுபடி. மழையில் நனைந்த அந்தச் சுவரின் அருகே போனால் புகையும் பிசினும் கலந்த வாடை. வடக்குச் சுவரில் இன்னும் பழைய கோயிலிலிருந்து எடுத்துப் பொருத்திய வாசல் இருக்கிறது; ஒன்றையொன்று கடிக்கும் விலங்குகளும் கொடிகளும் பின்னிப் பின்னிச் செதுக்கியது. அம்மா அதை விரலால் தொடாமல், காற்றிலேயே கொடியின் போக்கைப் பின்தொடர்ந்து கொண்டிருந்தார். எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்காமல் வரமாட்டேன் என்று நின்றார்.

பிறகுதான் மலையைத் தாண்டினோம். லுஸ்ட்ரா ஃபியூர்டின் கரையிலிருந்து சோக்னெஃபியெல் சாலை கடல் மட்டத்திலிருந்து 1434 மீட்டருக்கு ஏறுகிறது. வட ஐரோப்பாவில் இவ்வளவு உயரமான கணவாய்ச் சாலை வேறு இல்லை. வேலையில்லா இளைஞர்களை வைத்துப் போட்டு 1938-ல் திறந்தார்கள். ஏற ஏற மழை ஆலங்கட்டியானது. மேலே 4 டிகிரி, ஓரமெல்லாம் அழுக்குப் பனி. ஏரிகளில் பனிக்கட்டி பாதி மூழ்கி நீலமாக மிதந்தது. இரண்டு வண்டிகள் கடக்க முடியாத இடங்களில் நீலப் பலகையில் எம் என்று எழுதிய ஒதுங்குமிடங்கள் இருக்கும். எதிரே வண்டி தெரிந்ததும் அங்கேயே நின்றுவிடுவது நல்லது.

உச்சியைத் தாண்டி கொஞ்ச தூரம் இறங்கியதும் மழை குறைந்தது. இன்னும் இறங்க, மேகம் கிழிந்தது. லோம் ஊருக்குள் நுழையும்போது சாலை காய்ந்திருந்தது, தோட்டங்களில் தெளிப்பான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அம்மா கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டிப் பார்த்தார். "ஆரியங்காவுல கொட்டும், செங்கோட்டை தாண்டிச் சங்கரன்கோயில் போனா மண்ணு பறக்கும். அதேதான்" என்றார். நான் வரைபடம் காட்டி விளக்கத் தயாராக இருந்தேன், தேவைப்படவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே பிறந்தவர்களுக்கு மழை மறைவைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பக்கத்து ஷோக்கில் நூற்றாண்டுகளாகவே விவசாயிகள் மலைமேலிருந்து பனி உருகிய தண்ணீரை வாய்க்கால் வெட்டி, மரத் தொட்டிகளில் வழியவிட்டு வயலுக்குக் கொண்டுவந்தார்கள் என்று சொன்னேன். அதற்கும் தலையசைத்தார். லோம் ஊர் நடுவே போவ்ரா ஆறு மட்டும் பொங்கிக்கொண்டு போனது, நாங்கள் மேலே நனைந்த மழையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு. ஆற்றங்கரை பேக்கரியில் லவங்கப்பட்டை ரொட்டி வாங்கி வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஜாக்கெட்டுகளை வண்டியின் கண்ணாடிகளில் காயப் போட்டோம்.

அதனால் கிழக்கே வந்துவிட்டால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 ஆகஸ்டில் ஹான்ஸ் புயல் வந்தபோது காற்று எதிர்ப்பக்கமிருந்து, பால்டிக் பக்கமிருந்து வீசியது. மழைக்கு மறைவாக இருந்த பள்ளத்தாக்குகளே அப்போது மழையை வாங்கின. ஹாலிங்டால், வால்ட்ரெஸ், குட்பிரான்ஸ்டால் எல்லாம் வெள்ளம். ஆகஸ்ட் 9-ஆம் தேதி பிராஸ்கரைஃபோஸ் அணையின் ஒரு பகுதியை ஆறு உடைத்துக்கொண்டு போனது. மழை நின்ற பிறகு, 14-ஆம் தேதி, ரிங்கெபு பக்கத்தில் ரயில் பாலம் ஆற்றில் சரிந்தது. கிழக்கின் ஆறுகள் நீளமானவை. மெதுவாக ஏறி, நாள் கணக்கில் வடியாமல் நிற்கும். மேற்கில் ஒரு நாள் பொறுத்தது போல அங்கே பொறுத்தால் போதாது. நாங்கள் வீடு திரும்பியது அந்த குட்பிரான்ஸ்டால் வழியாகத்தான். ஆற்றோரம் ஒரு முகாமில், தண்ணீருக்குப் பக்கத்தில் அருமையான இடம் காலியாக இருந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லாத நாள்தான். இருந்தாலும் இவர் மேட்டில், கழிவறைக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைக் கேட்டு வாங்கினார்.

போக நினைப்பவர்கள் ஜூன் கடைசியைக் கணக்கில் வையுங்கள். கணவாய்கள் திறந்திருக்கும், மேலே பனி உருகிக்கொண்டிருக்கும், அதன்மேல் மழையும் பெய்தால் லோத்தஃபோசெனை நாங்கள் பார்த்ததைவிடப் பெரிதாகப் பார்க்கலாம். பள்ளிகளுக்கு அப்போதுதான் விடுமுறை தொடங்குவதால் வண்டி வாடகையும் ஜூலையைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். அம்மா இப்போதே கேட்டுவிட்டார், அடுத்த முறை பெரியம்மாவையும் கூட்டி வரலாமா என்று. ஐந்து பேர் படுக்கிற வண்டியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.